ஆளுக்கொரு வீடு

"வீட்டு நம்பர் பெறகு தாரேண்ணே, ஆளை மட்டும் பதிஞ்சிருங்க" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தொலைபேசியில் கெஞ்சினால், பத்துமலை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

"முடியாதுலா. வீடில்லாம என் புரோகிராம்ல ஆளே பொறக்காது."

ஈப்போவில் ரப்பர் கம்பெனியின் கணினி அறை. குளிருக்கு ஸ்வெட்டர், மேசையோரம் பிளாஸ்டிக் பையில் கோப்பி. "மச்சான், இமிகிரேசன் கவுண்டர்ல இருக்க வேண்டிய ஆளுலா நீ" என்று பக்கத்து இருக்கை லியாகத் அலி சீண்டுவார். பத்துமலை சிரிக்கமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், எண்பத்தேழில், அவர் இவ்வளவு கெடுபிடிக்காரர் இல்லை. கணினிக்குள் ஒரு தொழிலாளியை உருவாக்கப் பல வழி உண்டு. எல்லா விவரமும் கேட்டுப் புதிதாக உருவாக்கலாம்; ஏற்கெனவே இருப்பவரை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றலாம். தோட்டத்தில் குடும்பம் குடும்பமாகத்தானே வேலை? "ஒரே வீட்டு ஆளுங்க, எதுக்கு ரெண்டு தடவ தட்டணும்?" என்று நகலையே தேர்ந்தெடுத்தார். அந்த நகலுக்கென்று தனி வீட்டுப் பதிவு உருவாகவில்லை. தாயை நகலெடுத்து மகளைப் பதிந்தபோது, தாயின் வீட்டுப் பதிவையே மகளும் பகிர்ந்துகொண்டாள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருவரும் ஒரே வீட்டில் இருந்ததால் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

செமோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி நகலெடுக்கப்பட்ட தாய் ராக்காயி இறந்தாள். கிராணி அவள் வீட்டுப் பதிவை அழித்தார். மகள் இருளாயியின் வீடும் கூடவே அழிந்தது. அடுத்த மாதம் தோட்டம் விலைபோயிற்று. லயத்தைக் காலி செய்வோரில் மாற்று வீடு பெறுவோர் பட்டியல், கணினியின் வீட்டுப் பதிவுகளிலிருந்து வந்தது. இருளாயி பெயர் அதில் இல்லை. தவறு தெரிவதற்குள் வீடுகளெல்லாம் கைமாறிவிட்டன. பாவி, ஒரு சோம்பல்தான்! பத்துமலை நேரில் போய் இருளாயியிடம் மன்னிப்புக் கேட்டார்.

"அம்மா போனாங்க, வீடும் போச்சு. விடுங்கண்ணே" என்றாள். அவரால்தான் இன்னும் விட முடியவில்லை.

போன வாரம் கம்பெனியின் தொழிற்சாலை வேலைக்குப் பதிய இருளாயியே வந்தாள். பத்துமலை தலை நிமிராமல் கேட்டார்.

"வீடு?"

"நெலையா ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்ச நாள் சித்தி வீடு, கொஞ்ச நாள் கூட்டாளி வீடு."

திரை அடுத்த கட்டத்துக்கு நகர மறுத்தது. வேலைக்குப் பதியக் கடைசி நாள் அன்றுதான். "ஏதாச்சும் ஒண்ணப் போட்டுத் தள்ளு மச்சான்" என்றார் லியாகத் அலி.

பத்துமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஈப்போ சிலிபினில் இருக்கும் தன் சொந்த வீட்டின் எண்ணைத் தட்டினார்.