தபால்காரர் பார்க்காத கடைசி ஓவர்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து நான் பெற்றது, இரண்டு என் மகள் பெற்றது. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸின் நெற்றியில் ஹட்டன் என்று இருந்தால் தெரியும். அதற்கு மேல் ஓடாது. நான் சொல்லச் சொல்ல இளைய பேத்தி எழுதுகிறாள்.

சங்கதி மூத்த பேத்தியைப் பற்றியது. ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கூடப் படித்த பிள்ளைக்கு நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் காலை நுவரெலியாவில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எங்களுக்கு வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு விலாசம் கிடையாது. பெயரைப் போட்டு, தோட்டத்தைப் போட்டு, ஊர் டயகம என்று போட்டால் முடிந்தது. இருநூறு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான்.

அன்று மழை. வேலை நேரத்தோடு கலைந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் எங்கள் டிவி முன்னால்தான். கிரிக்கெட். நம் நாடு ஆடுகிறது. மூத்தவள் மட்டும் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஒரு ஆட்டக்காரனைக் காட்டி, வருஷத்துக்கு இவனுக்குக் கோடிக் கணக்கில் என்றார் மருமகன்.

"பந்தை அடிக்கிறதுக்கா?" என்றேன். "நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். கிலோ கொறஞ்சா அரைப் பேரு, அரை நாள் சம்பளந்தான் போட்டாங்க. இவன் முட்டைக்கு அவுட்டானா?"

"அவுட்டானாலும் முழுப் பேருதான் அத்தை."

"அப்ப அடுத்த பொறப்புல எனக்குக் கூடை வேணாம், அந்தக் கட்டையக் குடுங்க."

வீடே சிரித்தது. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் பக்கத்து வீட்டுக் கடிதத்தோடு வந்தார். அவரும் கிரிக்கெட் பைத்தியம். குடையை மடக்கி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, எனக்கு?" என்றாள் மூத்தவள். நான்கு நாளாக அதே கேள்வி.

"இல்லையே தங்கச்சி." தலையை ஆட்டியவர் சட்டென்று நிறுத்தினார். "அரசாங்கக் கவரா? பழுப்புக் கலரா?"

"ஆமாண்ணே."

"ஐயையோ! போன வாரம் திங்கக்கெழமை ஒண்ணு வந்துச்சே. மலை மேல, மேப்பிரிவுல ஒம் பேருல ஒரு பிள்ள இருக்குல்ல, அதோட அம்மாகிட்டக் குடுத்துட்டேன்."

எழுந்துவிட்டார். டிவியில் கடைசி ஓவருக்கு முந்திய ஓவர்.

"பாத்துட்டுப் போங்கண்ணே, பத்து நிமிசம்" என்றார் மருமகன்.

"இருட்டிருச்சுன்னா அந்தப் படியில ஏற ஏலாது." மழையில் இறங்கி நடந்தார்.

கடைசிப் பந்தில் நாம் ஜெயித்தோம். வெடி போட்டார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மூத்தவளும் நானும் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். சற்று நேரத்தில் கரண்டும் போய்விட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். ஆள் தொப்பல். சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பை, அதற்குள் கவர். காய்ந்திருந்தது. மேலே ஒரு சந்தனப் பொட்டு.

"சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்துச்சு அந்தம்மா" என்றார். "கொழும்புல வேல செய்யிற மக தீபாவளிக்கு வந்து பிரிக்கணும்னு. வெள்ளிக்கெழம பூசையும் போட்டாச்சாம்."

மூத்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவரோ தலையைத் துவட்டாமலே கேட்டார்: "யாரு ஜெயிச்சா?"

"நாங்கதான்! கடைசிப் பந்துல சிக்ஸரு!"

அந்த மனிதரின் முகம் விழுந்ததே, பார்க்க முடியவில்லை. திருப்பிப் போட்டுக் காட்டக் கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

"உக்காருங்க தம்பி, நாங்க ஆடிக் காட்டுறோம்" என்றேன்.

மழை தூறலாகியிருந்தது. மகள் விறகுக் கட்டையை எடுத்தாள். மருமகன் காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கினார், வீசுகிறவரும் அவரே, வர்ணனையும் அவரே. கடைசி ஓவரில் நடந்தது ஒன்று விடாமல் நடந்தது. நடுவில் ஒருவன் பந்தைக் கைவிட்டானாம், அந்த வேலை எனக்கு. எட்டிப் பிடிக்கப் போய் வாசலோரச் சாக்கடைக் கானில் ஒரு கால். கடைசிப் பந்தை மகள் அடித்த அடியில் காலுறை கோழிக்கூட்டுக் கூரைக்குப் போனது. தபால்காரர் எழுந்து நின்று கைதட்டினார். லயமே தட்டியது.

தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன், "அவனுக்குக் கோடியாம். ஒங்களுக்கு என்ன தர்றாங்க தம்பி?"

"அத ஏன் பாட்டி கேக்குறீங்க, சீனி போடுங்க."

இப்போதும் அதை நினைக்கிறேன். ஆட்டக்காரனுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மழையில் முடங்கிக் கிடந்த லயத்தை அவன்தான் துள்ள வைத்தான். ஆனால் அவன் அன்று அவுட்டாகியிருந்தால் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. தபால்காரர் படியேறாமல் இருந்திருந்தால் என் பேத்திக்கு மறுநாள் கிடையாது. சம்பளம் எழுதுகிறவர்கள் ஒரு தரம் மேற்பிரிவுக்கு மழையில் ஏறிவிட்டு வந்து எழுதட்டும்.

மூத்தவள் முதல் பஸ்ஸில் போனாள். நேர்முகத்தில் எடுபட்டாள். இப்போது வெள்ளைச் சட்டையில் பயிற்சி. ஊருக்கு வரும்போது அவருக்கென்று பிஸ்கட் பெட்டி வாங்கி வருகிறாள்.

சின்னவளே, அவ்வளவுதான். எங்கே, எழுதினதை முதலிலிருந்து வாசி. நான் கானில் விழுந்ததையும் எழுதிவிட்டாயா? சரி, இருக்கட்டும். சத்தமாக வாசி.