பிற்பகல் 3:10

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தேதி, மணி, நிமிடம் எல்லாம் மோகனராஜின் நோட்டில் இருக்கின்றன. அவர் கற்பனை பண்ணி எழுதுகிற ஆள் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் மின்பலகைகளைச் சோதித்து, கெட்டதைக் கெட்டது என்றும் நல்லதை நல்லது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்.

அப்படிப்பட்டவரால் ஒரு சின்னக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மனைவி குமுதாவின் மார்புக்குள் இருக்கும் பெட்டி தினமும் பிற்பகல் 3:10க்கு நின்றுபோனது.

குமுதாவுக்குப் பார்கின்சன் நோய். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை வைத்தார்கள். அவை கழுத்துத் தோலுக்கு அடியில் இறங்கி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றில் வந்து சேரும். அந்தப் பெட்டி நொடிக்கு நூற்று முப்பது முறை மின்துடிப்பு அனுப்பும். நடுக்கத்தைக் கிளப்பும் நரம்புகளின் தப்பான தாளத்தை அந்தத் துடிப்பு அடக்கி வைக்கும். நோய் போகாது, அடங்கி இருக்கும். அவ்வளவுதான். வெளியே ஒரு ரிமோட். அதன் பொத்தானை அழுத்தினால் பெட்டி நிற்கும். மறுபடி அழுத்தினால் ஓடும். நின்றுவிட்டால், ஒன்பது வருடமாக அடங்கிக் கிடந்த நோய் சில நிமிடங்களில் மொத்தமாகத் திரும்பி வரும்.

முதல் தடவை குமுதா மாடிப்படியில் இருந்தார். விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

மோகனராஜ் காந்தத்தைச் சந்தேகித்தார். குளிர்பெட்டியை நகர்த்தினார். ஸ்பீக்கரைக் கழற்றினார். அவர்கள் குடியிருந்த ஜெலுத்தோங் ஃபிளாட்டின் லிஃப்ட் மோட்டாரைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"முப்பது வருசம் கம்பெனியில என்னத்த டெஸ்ட் பண்ணீங்களோ," என்றார் குமுதா. "பொண்டாட்டிய மட்டும் ரிப்பேர் பண்ணத் தெரியல."

"வாரண்டி முடிஞ்சிருச்சு லா."

சிரித்தார்கள். ஆனால் அன்றும் 3:10க்கு நின்றது.

கிளினிக்கில் பெட்டியின் பதிவைப் படித்தான் ஹைக்கல். கருவிகளைக் கவனிக்கும் இளைஞன், வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். பதிவில் தெளிவாக இருந்தது. 'ரிமோட் மூலம் நிறுத்தப்பட்டது, 15:10.' பதினெட்டு நாள், பதினெட்டு வரி.

"அங்கிள், பெட்டி தானா நிக்கல. யாரோ அமுத்துறாங்க."

"யாரு? வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்."

"லாக் பதிவு பொய் சொல்லாது அங்கிள்."

ரிமோட்டையும் சோதித்தான். பழுதில்லை. அது இரவல் ரிமோட். குமுதாவின் பழைய ரிமோட் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டது. புதியது வர மூன்று மாதம் ஆகும். நோயாளிகள் சங்கத்தில் இருந்த கோகிலனுக்கும் இதே மாதிரிப் பெட்டிதான். அவர் இறந்தபின் சும்மா கிடந்த ரிமோட்டை அவர் மனைவி சந்திரிகா கொடுத்தார். அதைக் குமுதாவின் பெட்டியோடு இணைத்துக் கொடுத்ததே ஹைக்கல்தான்.

டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். மூளையில் இத்தனை வருடம் மின்தூண்டல் இருந்தால் சிலருக்குப் பேச்சு குழறும். சிலருக்குக் குணம் மாறும். சிலர் யோசிக்காமல் எதையாவது செய்துவிடுவார்கள். குமுதா தன்னை அறியாமல் அழுத்தலாம். ஆகவே அடுத்த வியாழக்கிழமை ரிமோட்டை முடக்கிவிடலாம்.

"முடக்கின பிறகும் நின்னுச்சுன்னா?"

"கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க."

ரிமோட் இல்லாவிட்டால் வீட்டில் பெட்டியை மறுபடி ஓடவிட முடியாது. கிளினிக் மாலை ஐந்துக்கு மூடும். பெட்டி நின்ற நிலையில் குமுதாவால் எச்சில்கூட ஒழுங்காக விழுங்க முடியாது. அப்படியே ஒரு ராத்திரி கிடந்தால் மூச்சு அடைத்துப் போகும். இதை மோகனராஜ் மூன்று கவுண்டர்களில் மூன்று பேரிடம் விளக்கினார். மூவரும் ஒரே பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள்.

காரில் குமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலம் தாண்டுகிற லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில்தான் கேட்டார்.

"நீங்களும் நான்தான் அமுத்துறேன்னு நெனக்கிறீங்களா?"

மோகனராஜ் பூட்டில் சாவியைத் திருப்பினார். தனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது அவரையே சுட்டது.

திங்கட்கிழமை. ரிமோட்டைக் காலியான மைலோ பானத்தூள் டின்னுக்குள் போட்டு மூடினார். சுற்றிலும் தகரம் இருந்தால் ரேடியோ அலை வெளியே போகாது. டின்னைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். குமுதா எதிரே, இரண்டு கையையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்தார்.

3:10.

டின்னுக்குள்... பீப்.

குமுதாவின் வலது கை ஆட ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை. ரிமோட்டின் பேட்டரி இரண்டையும் கழற்றினார். ரிமோட்டை மேசை நடுவில் வைத்தார். பேட்டரிகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மின்சாரம் இல்லாத பொருள் எதுவும் செய்யாது. அவருக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

3:08. கீழே ஐஸ்கிரீம் விற்பவரின் மோட்டார் சைக்கிள் மணி.

3:09. மணிச்சத்தம் நின்றது. மின்விசிறி ஓடியது. காற்று வரவில்லை.

3:10.

ரிமோட்டின் திரை ஒளிர்ந்தது.

பொத்தான் லேசாக உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே... வெளியே... யாரும் தொடவில்லை. பொத்தானின் ரப்பர்மேல் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். டிக்... டிக்டிக்... டிக்... ஆடுகிற விரல் ஒன்று பொத்தானை அழுத்தப் பார்த்து வழுக்குவது போல.

பயத்திலும் அவர் எண்ணினார். நொடிக்கு ஐந்து.

பார்கின்சன் நடுக்கம் நொடிக்கு நாலிலிருந்து ஆறு.

"என்னங்க..." குமுதா குரல் தாழ்ந்தது. "அது என் கை மாதிரியே ஆடுற கை."

பொத்தான் முழுதாக அமுங்கியது.

பீப்.

குமுதாவின் உதடு அசைந்தது. குரல் இல்லை. எச்சில் வழிந்தது.

மோகனராஜ் சட்டைப் பையில் பேட்டரியைத் தேடினார். விழுந்தது. உருண்டது. சோபாவுக்கு அடியில்...

பொறுக்கினார். போட்டார். அழுத்தினார்.

3:16. குமுதா மூச்சு விட்டார்.

"நீ அமுத்தலம்மா," என்றார் மோகனராஜ். "நீ அமுத்தல."

புதன்கிழமை காலை பத்தரைக்கு இருவரும் பாலிக் புலாவுக்குப் போய்ச் சந்திரிகாவைப் பார்த்தார்கள். சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. முதலில் ஒன்றுதான் கேட்டார்.

"மூணு பத்தா?"

"ஏன் கேக்குறீங்க?"

பதினாலு மாதம் முந்திய கதையைச் சொன்னார். கோகிலனைப் பிற்பகலில்தான் எடுத்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. சந்திரிகா வாசலோடு நின்றுவிட்டார். மின்சுடுகாட்டில் ஆள் கேட்டிருக்கிறான், உடம்பில் பேட்டரி ஏதும் உண்டா என்று. உலைச் சூட்டில் பேட்டரி வெடிக்கும். அப்போதுதான் கோகிலனின் தம்பிக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து அறையில் வைத்து, கம்பியை வெட்டி, பெட்டியை எடுத்துவிட்டார்கள். சீட்டில் நேரமும் போட்டுக் கொடுத்தார்கள்.

சாமிப்படங்களுக்குக் கீழே இருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தார். உள்ளே பெட்டி. ஒரு சாண் கம்பி. சீட்டில் 3:10.

"எடுக்குறதுக்கு முன்னாடி நிறுத்துனாங்களா அக்கா?" என்று கேட்டார் குமுதா.

"யாருக்குத் தெரியும் அத நிறுத்த? அவரு கை ஆடும், அவரால முடியாது. ஒவ்வொரு தடவையும் நான்தான் அமுத்துவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வாரம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. போதும், நிறுத்து சந்திரான்னு. நான் மாட்டேன்னுட்டேன்."

அன்றைய 3:10ஐ, பொத்தானை மறுபடி அழுத்தி, அங்கேயே சமாளித்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் சந்திரிகாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். மோகனராஜ் பையை ஹைக்கலின் மேசைமேல் வைத்தார்.

"முடக்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படி தம்பி. எனக்காக."

ஹைக்கல் அலுத்துக்கொண்டே தன் டேப்லெட்டை அந்தப் பெட்டியோடு இணைத்தான்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. பேட்டரி இன்னும் மூணு வருசம் வரும்... இது நடக்கும் அங்கிள். ஆச்சரியம் இல்ல."

பிறகு வழக்கமாகச் செய்வதைச் செய்தான். கம்பி முனையின் மின்தடையை அளந்தான். கம்பி எதையும் தொடாமல் காற்றில் கிடந்தால் கருவி எண் காட்டாது, 'தொடர்பில்லை' என்று மட்டும் காட்டும். மூளைக்குள் இருந்தால் ஆயிரம் ஓம் வாக்கில் வரும். ஈரமான, உயிருள்ள சதையின் எண் அது.

ஹைக்கல் திரையைப் பார்த்தான். மறுபடி அளந்தான். மறுபடி.

"தம்பி?"

திரையை அவர் பக்கம் திருப்பினான்.

1,080.

வெட்டுப்பட்ட கம்பி மேசைமேல் கிடந்தது. பதினாலு மாதம் முன்பு எரிந்துபோன தலைக்குள்ளிருந்து அது எண் காட்டிக்கொண்டிருந்தது.

சந்திரிகா மேசைக்கு இன்னும் கிட்ட வந்தார்.

ஹைக்கல் திரையில் 'நிறுத்து' என்ற இடத்தைத் தொடப் போனான். குமுதா அவன் கையைப் பிடித்தார்.

"நீ வேணாம் தம்பி. அக்கா அமுத்தட்டும்."

சந்திரிகா ஒற்றை விரலை வைத்தார்.

"போதும்ங்க," என்றார்.

9:41. எண் போனது. 'தொடர்பில்லை' என்று வந்தது.

ஹைக்கல் ரிமோட்டை முடக்கவில்லை. டாக்டரிடம் என்ன சொன்னான் என்று மோகனராஜ் கேட்கவும் இல்லை. அன்று 3:10க்குக் குமுதா கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். கை ஆடவில்லை. இன்றோடு ஏழு மாதம்.

மோகனராஜின் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி முடிகிறது: 'கோளாறு குமுதாவின் பெட்டியில் இல்லை. கோகிலனின் பெட்டியை நிறுத்தாமல் எடுத்துவிட்டார்கள். தன் பெட்டியை நிறுத்த அவர் அழுத்திய ரிமோட், குமுதாவின் பெட்டியை நிறுத்தியது. கோகிலனின் பெட்டியை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. உடம்பிலிருந்து எடுப்பதற்கு முன் பெட்டியை நிறுத்த வேண்டும். அதை நிறுத்தத் தெரிந்தவரையும் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்.'