குஞ்சம்மாள் எடுத்த தாள்

குஞ்சம்மாளுக்கு ஊராட்சி அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். கல்யாணமான கையோடு புருஷன் இருசப்பனுடன் மலையடிவாரத்துக்கு இறங்கி வந்துவிட்டாள். அங்கே ஓர் ஆலையில் பாய்லர் சாம்பல் வாரும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. மலையில் மழை பார்த்துச் சாமை விதைத்துக்கொண்டிருந்தவனுக்கு வாராவாரம் கூலி என்பது பெரிய விஷயம்.

பாய்லருக்கு நிலக்கரிதான் தீனி. ஆடிக்காற்று அடித்தால் புகை முழுக்கக் காலனிப் பக்கம் சாயும். கொடியில் காயப்போட்ட புடவையை உதறிவிட்டுத்தான் கட்ட வேண்டும். காலனியில் இருமாத வீடு கிடையாது. அதை யாரும் நோயென்று நினைத்ததும் கிடையாது.

பதினோராவது வருஷம் இருசப்பனின் உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடிப்பு கிளம்பியது. மார்புத் தோல் கறுத்து, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. குஷ்டம் என்று யாரோ சொல்ல, காண்டிராக்டர் அவனை வேலைக்கு வர வேண்டாமென்றான். மலைக்குத் திரும்பிப் போனார்கள். அவனுடைய அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, சோற்றை வாழையிலையில் வைத்துத் தள்ளி நின்றான். மறுநாள் காலை முதல் ஜீப்பிலேயே இறங்கிவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் களிம்பு தடவியபிறகு புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. முடியும் நகமும் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இது குஷ்டமில்லம்மா. ஆர்சனிக். பாஷாணம்னு சொல்வாங்களே, அது. ஒடம்புல நெறைய சேர்ந்திருக்கு. எங்கேருந்து வந்துதுன்னு நான் எழுத முடியாது. தண்ணியா இருக்கலாம், பூச்சி மருந்தா இருக்கலாம்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குஞ்சம்மாள் திருக்கோவிலூருக்குப் போனாள். கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஆதிமூலம் ஏழை எளியவர்களுக்கு மனு எழுதித் தருவார். ஆலைப் புகையைச் சோதிக்கக் கேட்டு அவர் எழுதிய மனுவில் காலனி மொத்தமும் கைநாட்டு வைத்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்து மூன்றாவது வருஷம் அது.

அதிசயமாக, மனுவுக்குப் பலன் வந்தது. தகரக்கூரை போட்ட பெட்டி போன்ற ஒரு மிஷினைக் கொண்டுவந்து ஊராட்சி அலுவலக மாடியில் வைத்தார்கள். காற்றை உறிஞ்சி, உள்ளேயிருக்கும் வெள்ளைத் தாளில் தூசியைப் பிடிக்குமாம். வாரத்தில் இரண்டு நாள் கொளஞ்சியப்பன் என்ற பரிசோதனைக்கூட ஊழியர் வந்து தாள் மாற்றுவார். வெள்ளையாகப் போன தாள் கன்னங்கரேலென்று வெளியே வரும். "எல்லாத்தையும் எழுதிக்கினு வா தாயி" என்று குஞ்சம்மாள் மிஷினிடம் சொல்வாள். காக்கை உட்கார்ந்தால்கூட விரட்டினாள்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. காற்றின் மாசு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்றது.

"அதுல பாஷாணம் இருக்குதா இல்லியா தம்பி?" என்று கொளஞ்சியப்பனிடம் கேட்டாள்.

அவர் தாளை உறையில் வைத்துக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் பாக்கலம்மா. தூசி எவ்ளோ எடைன்னுதான் பாத்தாங்க."

"இன்னா தூசின்னு பாக்கலியா?"

"அதுக்குத் தனியா உத்தரவு வரணும். எங்களுக்கு எடை மட்டுந்தான் சொல்லிக்கீறாங்க."

அவர் கீழே டீ குடிக்கப் போன நேரத்தில் குஞ்சம்மாள் ஒரு கறுத்த தாளை எடுத்துப் புடவைக்குள் செருகினாள். அடுத்தவர் பொருளைத் தொட்டறியாதவள். அன்றே பஸ் ஏறித் திருக்கோவிலூரில் ஆதிமூலத்திடம் கொடுத்தாள்.

அவர் அதைச் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். ஆர்சனிக், ஈயம், காட்மியம் மூன்றும் இருப்பதாகப் பதில் வந்தது. "கரிக்குள்ளயே இருக்கறதுதாம்மா" என்றார். "எரியும்போது ஆவியா மேல போவுது. ஆறினதும் நைசான தூசியில ஒட்டிக்குது. அந்தத் தூசி மூக்குல நிக்காது, நேரா நுரையீரலுக்குப் போயிடும். எடை போட்டா ஒண்ணும் தெரியாது."

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: "இந்தத் தாள் உங்ககிட்ட எப்படி வந்தது?"

முத்திரை இல்லாத தாள் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். தாள் காணாமல் போனதற்குக் கொளஞ்சியப்பனின் வேலைக்கு ஆபத்து வந்தது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். குஞ்சம்மாள் தானாகவே போய், "நான்தாங்க எடுத்தேன். அந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அவர் வேலை தப்பியது. இவளுடைய துடைப்பத்தை அன்றே வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் மிஷினையும் இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தைக்குள் இருசப்பனுக்கு இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் ஒருவர் படிவத்தை நிரப்பினார்.

"பீடி குடிப்பாரா?"

"எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு. ஆனா சார், அவுரு பதினோரு வருஷமா சாம்ப..."

அவர் அதற்குள் எழுதி முடித்திருந்தார். சாம்பலுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

நாற்பத்திரண்டு நாள் கிடந்தான். கடைசி வாரம் பேச்சில்லை. "மலைக்குப் போலாமா?" என்று அவள் கேட்டபோது மட்டும் தலையை அசைத்தான், வேண்டாமென்று. பங்குனி முதல் வாரத்தில் உயிர் போனது. அண்ணன் வந்தான், அப்போதும் தள்ளியே நின்றான்.

ஐப்பசியில் ஆதிமூலம் அவளைத் தேடி வந்தார். ஆலைக்குப் பின்புறம் மக்காச்சோளக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"இன்னொரு மனு எழுதியிருக்கேம்மா. இந்தத் தடவ பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போவலாம். மொதக் கைநாட்டு நீங்க வைக்கணும்."

குஞ்சம்மாள் நிமிர்ந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"செத்தவரு வரப்போறாரா சார்?"

"காலனியில இன்னும் புள்ளைங்க இருக்குதேம்மா."

"இருக்குதுங்க. எனக்குத் தெரியாதா? அப்பவும் இருந்துச்சுங்க. மிஷினு வெச்சாங்க, எடுத்துக்கினு போனாங்க." அவர் நல்லவர். திட்டவும் மனம் வரவில்லை. "வேற யார்னா வெச்சா வாங்கிக்கோங்க சார். என்னால ஆவாது."

மற்ற பெண்கள் ஒரு சால் முன்னே போயிருந்தார்கள். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தன் வரிசைக்குக் குனிந்தாள்.