பூதக்கண்ணாடி அக்காவும் தேங்காய்ப்பால் க்ரீமும்

எங்க அக்காவுக்கு அவ வேலை செய்யற இடத்துல வச்ச பேரு பூதக்கண்ணாடி. சட்டை தைக்கிற ஆலையில தரம் பாக்கறது அவ வேலை. விளக்கு வச்ச மேசை மேல சட்டையை விரிச்சு, எங்கயாவது தையல் விட்டிருக்கா, பட்டன் ஆடுதான்னு விரலால தடவித் தடவிப் பாப்பா. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கூடப் பொறந்த தங்கச்சி நான் குடுக்கற தண்ணியைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆனா ஒரு விஷயத்துல அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அவ பொண்ணு சிட்டுவுக்குப் பால் ஆகாது. ஒரு தடவை கடைக்காரர் "பாலே சேக்கலம்மா"ன்னு சத்தியம் பண்ணிக் குடுத்த க்ரீமை ஒரு வாய் தின்னுட்டு, உதடு வீங்கி, மூச்சு விடத் திணறிப் போச்சு குழந்தை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அன்னையிலேருந்து டாக்டர் குடுத்த அவசர ஊசி இல்லாம அக்கா வாசப்படி தாண்டறதில்லை. யார் பண்ணினதையும் நம்பறதும் இல்லை. எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் சிட்டு தன் பிஸ்கட் டப்பாவோட ஓரமா உக்காந்துட்டு வரும். பாக்கவே வயிறு எரியும்.

இந்தத் தடவை அது வாயைத் தொறந்து கேட்டுடுச்சு. "என் பிறந்தநாளுக்கு வெள்ளை க்ரீம் வச்ச கேக்கு வேணும். எல்லாரோடயும் சேந்து நானும் சாப்பிடணும்."

வீட்டுலயே பண்ணிடலாம்னு நான்தான் சொன்னேன். கெட்டித் தேங்காய்ப்பால் டின்னை ராத்திரி பூரா ஃப்ரிட்ஜுல வச்சா, கொழுப்பெல்லாம் மேல கட்டியா ஏறிடும், தண்ணி அடியில நின்னுடும். மேல இருக்கறதை மட்டும் வழிச்சு, பொடிச்ச சர்க்கரை போட்டு, கேக்கு மாவு அடிக்கிற பீட்டர் மிஷின்ல அடிச்சா க்ரீம். அவ்வளவுதான். அக்கா டின்னைத் திருப்பித் திருப்பிப் படிச்சா. பழைய பீட்டர்ல வெண்ணெய் ஒட்டியிருக்கும்னு புதுசா ஒண்ணு வாங்கினா. கேக்கையும் பால் இல்லாம தானே நின்னு சுட்டா.

காலையில ஒரு டின்னைத் தொறந்தா, கழனித் தண்ணி மாதிரி இருக்கு. கை விட்டுப் போற வரைக்கும் அடிச்சேன். ம்ஹூம்.

"பாத்தியா? டின்னுலயே ஏதோ கலந்திருக்கான்"னா அக்கா. சொல்லிக்கிட்டே இன்னொரு டின்னை எடுத்து, காதுகிட்ட வச்சு, கடகடன்னு குலுக்கறா!

"அடிப்பாவி, என்ன பண்ற?"

"உறைஞ்சிருக்கான்னு பாக்கறேன். ராத்திரியும் அப்பப்ப எழுந்து வந்து பாத்தேனே."

தலையில அடிச்சுக்கிட்டேன். பிரிஞ்சு ஏற விடாம இவளே ஆட்டி ஆட்டிக் கலக்கி வச்சிருக்கா! நல்லவேளை, இவ குணம் தெரிஞ்சு ஃப்ரிட்ஜுலயே கீரைக்கட்டுக்குப் பின்னால ஒரு டின்னை ஒளிச்சு வச்சிருந்தேன். சாயங்காலம் பிறந்தநாளுக்குக் குழந்தைங்க வர, அக்கா வாசலுக்குப் போன நேரம் பாத்து அதைத் தொறந்தேன். மேல கட்டியா நின்னுச்சு. அடிக்க அடிக்க பஞ்சு மாதிரி பொங்கி வந்துச்சு.

அக்கா உள்ள வந்தா. கிண்ணத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"இந்த க்ரீமை எந்தக் கடையில வாங்கின?"

எனக்கு வந்ததே கோபம்! "உன் பொண்ணு உயிரோட விளையாடுவேனாடி நான்?"ன்னு கத்திட்டேன். அவ குப்பைக்கூடையிலேருந்து காலி டின்னை எடுத்து முழுசாப் படிச்சா, மோந்தா, க்ரீமை நாக்குல தொட்டுப் பாத்தா. அப்புறம்தான் கேக்கு மேல தடவினா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

கேக்கை வெட்டியாச்சு. சிட்டு தட்டை வாங்கி மடியில வச்சுக்கிச்சு. எல்லாரும் சாப்பிடறாங்க, அது மட்டும் தொடல.

"சாப்பிடும்மா"ன்னா அக்கா.

"இதைப் பண்ணும்போது நீ பக்கத்துல நின்னு பாத்தியாம்மா?"

"இல்ல. சித்தி பண்ணா."

"அப்போ வேணாம். நான் சும்மா வச்சுக்கறேன்"னு சொல்லிட்டுத் தன் பிஸ்கட் டப்பாவைத் தொறந்துச்சு.

அக்கா முகத்துல ஈயாடல. அப்புறம் பொண்ணு முன்னால தரையில உக்காந்து ஸ்பூனை எடுத்தா.

"சித்தி பண்ணதுடா. அம்மா பக்கத்துல இல்லை. ஆனா சித்தியை நம்பறேன். வாயைத் தொற."

சிட்டு அவ கண்ணையே பாத்துச்சு. அப்புறம் மெதுவா வாயைத் தொறந்துச்சு. ஒரு வாய் முழுங்கிட்டு, "இன்னும்"னு கேட்டுச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

அக்கா ஊட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம்தான் கவனிச்சேன், இடது கையில அந்த ஊசி டப்பாவை இறுக்கிப் பிடிச்சிருக்கா. தட்டு காலியாகற வரைக்கும் அதை அவ கீழ வைக்கவும் இல்லை, ஊட்டறதை நிறுத்தவும் இல்லை.