எங்கள் வீட்டுக் கேடி

என் தங்கை தங்கமயிலுக்குப் புள்ளியியலில் கே.டி. மும்பைக் கல்லூரிகளில் ஒரு பாடத்தில் தவறினால் அப்படித்தான் சொல்வார்கள்: மேலே படிக்கலாம், அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுத வேண்டும். எங்கள் அப்பா சுயம்புவின் காதில் அது கேடி என்றே விழுந்தது.

"காலேஜுக்கு அனுப்புனா கேடின்னுலா பேரு வாங்கிட்டு வாரா!" என்று தாராவி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நானும் விளக்கி விளக்கி அலுத்துப்போனேன். முப்பது வருஷமாகப் பை தைக்கும் மெஷின் சத்தத்தில் இருந்த காது அது.

அவளாவது ஒழுங்கா? நாலு தடவை எழுதி நாலும் போனது. மற்ற பாடமெல்லாம் பாஸ். இந்த ஒன்றால் டிகிரி நிற்கிறது. டிகிரி இல்லாததால் விக்ரோலி ஆபீஸில் வேலை நிரந்தரமாகவில்லை. கேட்டால், "எனக்கு மண்டையில ஏறாதுக்கா, பிறவியே அப்படி" என்பாள். எரிச்சலாக வரும்.

ஐந்தாம் முறைக்கு ஃபார்ம் கொடுக்கக் கடைசி நாள். மகாராணி போர்த்திப் படுத்திருந்தாள். "போதும், இனி மெஷின்ல உக்காரட்டும்" என்றார் அப்பா. எனக்கு வந்ததே கோபம்! பழைய மார்க் ஷீட்டுகளை அள்ளி அவள்மேல் வீசினேன். வீசிய பிறகுதான் கண்ணில் பட்டது. பதினொன்று, பத்தொன்பது, இருபத்தெட்டு, முப்பத்தாறு. நாற்பது எடுத்தால் பாஸ். ச்சே, இத்தனை நாள் பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்து மடித்து வைத்திருக்கிறோம்.

"ஏறாதுன்னியே, பிறகு இது என்னட்டி?"

"ஒவ்வொரு தடவையும் எங்க விட்டேன்னு பார்த்து, அதை மட்டும் நுஸ்ரத்கிட்ட கேட்டுப் போட்டுப் பார்ப்பேன்." நுஸ்ரத் அவள் கூடப் படித்தவள்.

"இதை ஏன் சொல்லல?"

"ஃபெயில் ஆனவ சொன்னா யாரு கேப்பா?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு தாளையும் தரையில் வரிசையாக வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாலு மார்க்குதான குறையுது?" என்றவர், மெஷினை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டினார்.

கல்லூரியில் நீண்ட வரிசை. ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் நிமிராமலே, "கே.டி.?" என்றார்.

தங்கமயில் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆமா சார், கேடிதான். எம் மவ. லேசுல விடமாட்டா."

மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. தங்கமயில் தலைகுனியாமல் ஃபார்மை நீட்டினாள்.