துளசி முன்னால், கார்த்திகேசு பின்னால்

கார்த்திகேசுவின் கண்பார்வை மங்கத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்றார் ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர். லாரி ஓட்டும் வேலை போயிற்று. மோட்டார் சைக்கிளையும் இனித் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் செமோர் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய வரிசை வீடுகளில் அவர்களுடையது கடைசி வீடு. பஸ் அந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் அவர் மனைவி துளசி, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள், நாற்பத்தேழு வயதில் லைசன்ஸ் எடுத்தாள். ஓட்டுவதற்கு வீட்டில் இருந்தது கணவரின் பழைய கப்சாய்தான். சந்தைக்கும் வேலைக்கும் ஊரே ஓட்டுகிற அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள்.

முதல் வாரமே அது இரண்டு சிக்னலில் அணைந்துபோய் அவளை நிறுத்தியது. பட்டறைக்குப் போனால் அரை நாள் வேலை கெடும். துளசி கைப்பேசியில் வீடியோ பார்த்தாள். யாரோ ஒரு மலாய்க்காரர் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டு வாசலில் பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்து, ஏர் ஃபில்டரைத் திறந்தாள்.

"இத்தன வருஷம் ஓட்டுனேன். ஒரு தடவகூட அத தொறந்ததில்ல. ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?" என்றார் கார்த்திகேசு, நாற்காலியில் இருந்தபடி.

உள்ளே இருந்த பஞ்சு தார் போலக் கறுத்திருந்தது. ஓரத்தில் எறும்பு மண் கட்டியிருந்தது. உடம்பையும் அவர் இப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தூசிதாங்க," என்றாள். கழுவிக் காயவைத்து மாட்டினாள். வண்டி நிற்பது நின்றது.

பின்னால் உட்கார்ந்து போவதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. மாதாமாதம் கண் பார்க்க ஈப்போவுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். "கியர மாத்துலா. வளைவுல ஏன் பிரேக் புடிக்கிற? லாரி வருது, ஒதுங்கு." வராத லாரிக்கும் ஒதுங்கச் சொல்வார். துளசி கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு வியாழக்கிழமை காலை, செயின் தொய்ந்திருந்ததைப் பார்த்து அவளே பின்சக்கரத்தைத் தளர்த்தி இழுத்து வைத்தாள். நட்டைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுக்கும் நேரத்தில் உள்ளே பால் பொங்கியது. ஓடிப்போய் அடுப்பை அணைத்து, குளித்து, புறப்பட்டுவிட்டாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டு ரோட்டில் கார்த்திகேசு சொன்னார்: "டயர் ஆடுது."

அவள் அதே வேகத்தில் ஓட்டினாள்.

"துளசி, நெஜமா ஆடுது. நிறுத்து."

அந்தக் குரலில் அதட்டல் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கேட்டது. வேகத்தைக் குறைத்தபோது வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. புல்லோரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். நட்டு விளிம்புவரை கழன்று வந்திருந்தது.

"சொன்னேன்ல," என்றார்.

"நீங்க தினமும்தான் சொல்றீங்க. எல்லாமே தப்புன்னா, எது நெஜமான தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கார் ஒன்று கடந்து போனது.

"பின்னால உக்காந்தா என் கையில ஒண்ணுமே இல்ல, துளசி. பயமா இருக்கு. அதான் பேசிக்கிட்டே வாரேன்."

திருமணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "எனக்கும் பயம்தாங்க," என்றாள். சீட்டுக்கடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து மண்டியிட்டாள். இரண்டு பக்கமும் அளவுக்கோடு பார்த்துச் சக்கரத்தை நேராக வைத்தாள்.

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தடவித் தடவிச் செயினைக் கண்டுபிடித்தார். "எவ்ளோ ஆடணும்?"

"ரெண்டு வெரல் அளவு."

"இருக்கு," என்றார், விரலை வைத்துப் பார்த்து. எண்ணெய்க் கறையைக் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு அவள் நட்டை இறுக்கி, இன்னொரு முறையும் இறுக்கினாள்.

ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போனார்கள். எல்லோருக்கும் கடைசியாக நம்பர் கிடைத்தது.

அதன் பிறகு கார்த்திகேசு ரோட்டைப் பற்றிப் பேசுவதை விட்டார். முழுக்க விட்டார் என்று சொல்ல முடியாது. மழை நாளில் முனகுவார். ஆனால் சீட்டுக்கடியில் ஆட்டமோ சத்தமோ மாறினால் தோளைத் தட்டுவார், துளசி உடனே நிறுத்துவாள். பாதி நேரம் ஒன்றுமிருக்காது. ஒருமுறை பஞ்சராகப் போகிற டயரை அப்படித்தான் பிடித்தார்கள்.

லேசர் சிகிச்சையில் இடது கண் இருக்கிற அளவில் நின்றது. வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் துளசி தனியாகக் கோலா கங்சார்வரை போய்வந்தாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, ஓட்டிப் பார்க்கிற ஆசைதான். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு கிண்ணம் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டாள். தண்ணீர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பினாள்.