பத்மா அக்கா உலையிலிருந்து மீட்ட காசுகள்

செவ்வாய்க்கிழமை காலை குர்லாவில் பைகளுக்குப் பக்கிள் வாங்கிக்கொண்டிருந்தபோது பத்மா அக்காவின் கணவர் சிவராமன் சாரிடமிருந்து போன் வந்தது. அவர் எனக்கு நேராகப் போன் செய்யும் வழக்கம் இல்லை. "முருகேசன், பத்மா போயிட்டா. காபி குடிச்சா, பேப்பரை எடுத்துண்டு உக்காந்தா. அவ்வளவுதான்" என்றார். "சார்" என்றேன். வாங்கிய சரக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு மாட்டுங்காவுக்கு ரயில் ஏறினேன்.

ஞாயிறு காலைகளில் கூடும் நம் நாணயக் கூட்டத்தில் பத்மா அக்காவைத் தெரியாதவர் கிடையாது. சோவியத் வெள்ளிக் காசு என்றால் அவர்தான். ஆனால் அவர் அதைச் சேர்க்க வந்த கதை பலருக்குத் தெரியாது. பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. படிக்கும் காலத்திலேயே ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு, செம்பூரில் சோவியத் இயந்திரங்களை இறக்குமதி செய்த ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து வந்த இன்ஜினியர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் வேலை. பிறகு அந்த நாடே கலைந்தது. கம்பெனியை மூடினார்கள். கடைசியாக ஊர் திரும்பிய இன்ஜினியர் ஒருவர், தன் அப்பா வைத்திருந்த வெள்ளி அரை ரூபிளை அக்காவின் கையில் வைத்துவிட்டுப் போனார். சம்மட்டியை ஓங்கி நிற்கும் கொல்லனின் உருவம் பதித்த காசு. அக்காவின் முதல் காசு அதுதான்.

அதன் பிறகு ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனார். "நாடு போயிடுத்து முருகேசன். பாஷை மட்டும் என் வாயில மாட்டிண்டுடுத்து. இதை எங்க கொண்டுபோய்த் துப்பறது?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் நான், ஊரிலிருந்து வந்த சில திருவிதாங்கூர்க் காசுகளோடு அந்தக் கூட்டத்துக்கு முதலில் போனேன். அவர் முன்னால் இருந்த காசைப் பார்த்து, "மாமி, இது எந்த ஊருக் காசு?" என்று கேட்டேன்.

"மாட்டுங்காவுல எல்லாரும் மாமிங்கறா. நீங்கோ அக்கான்னு சொல்லுங்கோ" என்றவர், காசை விளிம்பில் நிறுத்தி மெல்ல உருட்டியபடியே ரஷ்ய மொழியில் வாசித்தார். இத்தனை கிராம் சுத்த வெள்ளி என்று விளிம்பைச் சுற்றிப் பொறித்திருந்தது. "புது சர்க்கார். ஜனங்க நம்பணுமோல்லியோ? அதான் ஓரத்துல சத்தியம் பண்ணியிருக்கா. கொஞ்ச வருஷந்தான். அப்புறம் நிக்கலுக்கு மாறிட்டா."

என்ன விலை போகும் என்று கேட்டேன். "விலையைச் சொன்னா பேச்சு முடிஞ்சுடும்" என்றார். கடைசி வரை சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் வெள்ளி விலை ஏறியபோது நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். குர்லாவில் நான் பக்கிள் வாங்கும் கடைக்கு அடுத்து வெள்ளி உருக்கும் பட்டறை ஒன்று உண்டு. ஒருநாள் அங்கே தட்டில் குவித்திருந்த பழைய வெள்ளிக்கு நடுவே அந்தக் கொல்லனைப் பார்த்தேன். ஒன்றல்ல, குவியலாக. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ரஷ்யாக் காசு உருக்க வந்துருக்கு. ஆனா எல்லாத்துலயும் ஓட்டை."

"எங்க ஓட்டை?"

"மேல ஓரத்துலக்கா. எல்லாம் ஒண்ணு போல."

"அது சும்மா காசு இல்லை முருகேசன். யாரோ ஒருத்தி மார்ல போட்டுண்டிருந்தது. உலையில போட விடாதேங்கோ. நான் வரேன்."

வந்தார். பட்டறைக்காரர் இந்தியில், "எடைக்கு வாங்கினது மேடம். எடைக்கு எடை வெள்ளி குடுத்தா நீங்களே எடுத்துக்கோங்க" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா வீட்டுக்குப் போய் மதியத்துக்குள் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். அவர் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் அதில் இருந்தன. குத்துவிளக்குகள், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. செம்பில் அவர் பெயர் வெட்டியிருந்தது.

"பேரு போட்டிருக்குக்கா. இத மட்டுமாவது வச்சிக்கிடுங்க" என்றேன்.

"பேர் என்கிட்டேதான் இருக்கே" என்று அதையும் தராசில் வைத்தார். பட்டறைக்காரர் செம்பை வெட்டி, வெள்ளி உருக்கும் மூசையில் போட்டபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

அப்பா கொடுத்ததை உருக்கக் கொடுத்துவிட்டாளே என்று அக்காவின் தங்கை நெடுநாள் அவரோடு பேசவில்லை. நம் கூட்டத்திலும் ஒருவர், "துளை போட்ட காசு. எந்த ஆல்பத்திலும் சேராது" என்றார். "துளை போட்டவ கெடுக்கலை சார். போட்டுக்கறதுக்காகப் பண்ணியிருக்கா" என்றார் அக்கா.

அது யாருடையது என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டறைக்காரர் ஒரு நகைக்கடையைக் காட்டினார். நகைக்கடைக்காரர், கோபர்கைரனேயில் தமிழ் பேசும் ஒரு வெள்ளைக்கார அம்மா விற்றதாகச் சொல்லி வீட்டுக்கு வழியும் சொன்னார். ஒரு சனிக்கிழமை காசுகளைப் பையில் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். பிள்ளைகள் யாராவது தெரியாமல் விற்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் வயதானவர். "யாரு வேணும்?" என்று தமிழில் கேட்டார். அக்கா ரஷ்ய மொழியில் பதில் சொன்னார். அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பெயர் நீனா. ரஷ்யாவுக்குப் படிக்கப் போன ஒரு தமிழரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். வோல்கா ஆற்றங்கரையில் அவர் இனத்துப் பெண்கள் வெள்ளிக் காசுகளைக் கோத்து மார்பில் அணிவார்களாம். அது அவருடைய அம்மா கல்யாணத்தில் அணிந்தது. பையைப் பிரித்துக் காசுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "யாரும் திருடல. நான்தான் வித்தேன். அவர் போயிட்டார். பையன் துபாய்ல. நான் போனா, இது என்னன்னு சொல்ல இந்த வீட்டுல ஆள் இல்ல."

"சொல்லுங்கோ. நான் கேட்டுக்கறேன்" என்றார் அக்கா.

நூல் வந்தது. சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கோத்தார்கள். எந்த வரிசையில் எந்தக் காசு என்பது நீனாவின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. கோத்து முடித்ததும், "நீங்க கொண்டுபோங்க" என்றார். "இங்கேயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்" என்றார் அக்கா. சொன்னபடியே மாதம் தவறாமல் ரயிலேறிப் போய் வந்தார்.

செவ்வாய்க்கிழமை மாட்டுங்கா வீட்டுக்கு நீனாவும் வந்தார். பருத்திப் புடவைக்கு மேல் அந்த வெள்ளி மாலையை அணிந்திருந்தார். சாவு வீட்டில் இதென்ன என்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். "யார் இவா?" என்று அக்காவின் தங்கை என்னைக் கேட்டார். "அக்கா கல்யாண வெள்ளியக் குடுத்து மீட்டாகளே, அது இவுகளோடதும்மா" என்றேன். தங்கை எழுந்து, அக்காவின் தலைமாட்டில் நீனாவுக்கு இடம் விட்டார். நீனா குனிந்தபோது காசுகள் ஒன்றோடொன்று உரசின. அக்காவின் காதருகே ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். நீண்ட பேச்சு. அந்த வீட்டில் அது புரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் பதில் சொல்லாமல் படுத்திருந்தார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு காசும் வரவில்லை. நான் கேட்டதும் இல்லை. என்னிடம் இருப்பது அந்தச் சனிக்கிழமை கேட்ட அவருடைய குரல். தமிழிலும் இந்தியிலும் அளந்து பேசுகிறவர், அன்று அந்த மேசையில் மூச்சு விடாமல் பேசினார். இடையிடையே வாய்விட்டுச் சிரித்தார். ஒரு சொல்லும் புரியாமல், எழுந்துபோகவும் மனமில்லாமல், சாயங்காலம் வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.